பின் குசினிக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்

வணக்கம் அக்கா,
சென்னையில் இருக்கும் என் தங்கச்சி குசினிச் சுவரை இடித்து ஹோலோடு சேர்த்துவிட்டாள். பெண்களை மூலைக்குள் அடைத்த காலம் போய்விட்டதாம். நாங்களும் வீடு திருத்துகிறோம். இவருக்கும் அதே ஆசை. மாமிதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா. என்ன செய்யலாம்?
வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் தங்கை சொல்வது பாதி சரி. இந்தியாவில் நடுத்தர வீட்டுப் பெண்கள் குந்தியிருந்து ஊதிய அடுப்பை விட்டு எழும்பியதற்கு காஸ் பெரிய காரணம். 1965 இல் கல்கத்தாவில் இன்டேன் காஸ் சிலிண்டர் வந்தது. அடுப்பு சிலிண்டரை விட உயரத்தில் இருக்கவேண்டும், அதனால் மேடை, புகை இல்லை, அதனால் குசினி ஹோலுக்குக் கிட்ட வந்தது. (ஏழை வீடுகள் பல, 2016 இல் ஏழைப் பெண்களுக்கு காஸ் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டம் வரும்வரை ஊதிக்கொண்டுதான் இருந்தன.) அதற்கு முன் பல வீடுகளில் குசினி சாதி பார்த்த இடம், யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்கவேண்டும் என்று. இன்று வருகிறவர் எவருக்கும் அடுப்பு தெரிகிறதென்றால், அது நல்ல மாற்றம்தான்.

ஆனால் அதே வசதியான வீடுகளில் பின்னால் இன்னொரு சின்னக் குசினியும் வைக்கிறார்கள், மீன் பொரிக்க, சட்டி கழுவ. வேலைக்கு வரும் பெண் நிற்பது அங்கே. இடித்த சுவர் பத்தடி தள்ளி எழும்பி நிற்கிறது, அவ்வளவுதான்.

இலங்கையில் எங்கள் பக்கத்துக் கதை வேறு. போரில் வீடிழந்த எங்கள் சனத்துக்கு இந்தியா உதவி செய்து 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள், குசினி உள்ளேயே. அப்படி வீடுகளில் குசினிக்குள் நெல்மூட்டையும் சைக்கிளும் நிற்க, பின்னால் தகரக் கொட்டிலில் விறகும் பொச்சுமட்டையும் எரிய பாரைக் குழம்பு கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள். 2022 இல் சிலிண்டர் கொழும்பிலேயே 4,860 ரூபாய், அதுவும் கிடைக்காமல் வரிசையில் நின்றோமே, அப்போது சோறு போட்டது அந்தக் கொட்டில்தான்.

மாமியின் கோபம் எனக்கு விளங்குகிறது. திருவலையில் ஒரு காலை மடித்து இருந்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய் துருவுகிற மனிசி, ஹோலில் ஆட்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்க அப்படி இருப்பாவா? அவவுக்கு அந்தச் சுவர் மறைப்பு.

சரி, இடியுங்கள். ஆனால் முன்பக்க டைல்ஸ் காசில் ஒரு பங்கை எடுத்து பின் குசினிக்குப் புகைக்கூடு, பெரிய யன்னல், நல்ல லைட், கால் நீட்டி இருக்க ஒரு திண்ணை போடுங்கள். மேடை உயரத்தை மேசனிடம் விடாதீர்கள், இவரையும் பக்கத்தில் நிற்கவைத்து அளவெடுங்கள், அவரும் கறி வைக்கத்தானே போகிறார்.