எட்டு அறை மோட்டல்

கேள்வி: அமெரிக்காவில் டான் லாஃப்லின் என்பவர், மூடிக் கிடந்த எட்டு அறை மோட்டல் ஒன்றை வாங்கிப் பெரிய காசினோ ரிசார்ட்டாக வளர்த்தார், இன்று அந்த ஊருக்கே அவர் பெயர்தான் என்று படித்தேன். உழைப்பால் உயர்ந்தவர் என்று என் மகனுக்கு இவரை உதாரணம் காட்டலாம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக. ஆனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்குமே! மின்னசோட்டாவில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களை வாங்கி அங்கங்கே வைத்துக் காசு பார்த்தவர் அவர். மெஷினா, படிப்பா என்று கேட்டார் தலைமை ஆசிரியர். பையன் மெஷின் பக்கம் போய்விட்டான். ஒன்பதாம் வகுப்போடு சரி. இந்தப் பகுதியை வீட்டில் எப்படிச் சொல்லப்போகிறீர்கள்?

மோட்டலுக்கு வருவோம். வடக்கு லாஸ் வேகஸில் நடத்திய கிளப்பை விற்றுவிட்டு, 1964-இல் 2,35,000 டாலர் விலையில் அந்த இடத்தை வாங்கினார். நெவாடாவின் தென்கோடி, பாலைவனம். 1994 ஜூனில் அங்கே பதிவான 125 டிகிரி ஃபாரன்ஹீட்தான் அந்த மாநிலத்தின் உச்ச வெயில். ஆரம்பத்தில் 12 ஸ்லாட் மெஷின், இரண்டு சூதாட்ட மேஜை, அவ்வளவுதான். எட்டு அறைகளில் நான்கில் அவர் குடும்பமே குடியிருந்தது. உழைப்பு இல்லை என்று யார் சொன்னது?

கோழிக்கறி வேண்டிய மட்டும் சாப்பிட 98 சென்ட் வாங்கினார்கள். அதில் லாபம் வராது, வரவும் வேண்டாம். சாப்பிட வந்தவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் போதும். போட்ட பணத்தில் ஒரு பங்கு காசினோவிடம் தங்கும்படிதான் ஸ்லாட் மெஷினை அமைக்கிறார்கள். ஒருவர் ஜெயிக்கலாம், ஆயிரம் பேர் சேர்ந்து ஜெயிக்க முடியாது.

ஆனால் அவர் வாங்கியதில் விலைமதிப்புள்ளது மோட்டல் அல்ல, எல்லைக்கோடு. எதிரே கொலராடோ ஆறு, அக்கரை அரிசோனா. தெற்கே கொஞ்ச தூரத்தில் கலிஃபோர்னியா. சூதாட்டம் நெவாடாவில் 1931 முதல் சட்டப்படி சரி, மற்ற இரண்டு மாநிலங்களிலும் அப்போது காசினோவுக்கு அனுமதி கிடையாது. அக்கரையில் புல்ஹெட் சிட்டி இருந்தது. பக்கத்தில் டேவிஸ் அணையைக் கட்டியது மத்திய அரசு, அந்த வேலைக்கு வந்தவர்களால் உருவான ஊர் அது. ஆக, வாடிக்கையாளர்களைக் கரைவரை கொண்டுவந்து சேர்த்ததே பொதுப்பணம். ஆற்றைக் கடக்க இலவசப் படகு விட்டது மட்டும் காசினோக்காரர்கள்.

ஊர்ப்பெயரை வைத்ததும் அவரில்லை. தபால் நிலையம் கேட்டுப் போனபோது அஞ்சல் அதிகாரி ஒருவர் யோசனையாகச் சொன்ன பெயர் அது. 1987-இல் சொந்தச் செலவில் 35 லட்சம் டாலருக்கு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி இரு மாநிலங்களுக்கும் கொடுத்தார். பெரிய கொடைதான், மறுக்கவில்லை. பாலம் நெவாடாவில் எங்கே இறங்குகிறது என்று வரைபடத்தில் பாருங்கள்: அவருடைய ரிவர்சைடு ரிசார்ட் வாசலுக்குப் பக்கத்தில்!

எட்டு அறை ஆயிரத்தைத் தாண்டியது. ஆற்றங்கரை நெடுக மற்ற காசினோக்களும் முளைத்தன. அப்புறம் 2000-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், பழங்குடியினர் தங்கள் நிலத்தில் நெவாடா பாணிக் காசினோ நடத்த ஒப்புதல் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மெஷின் வந்தபின் பாலைவனத்தில் பல மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு யார் வருவார்கள்? லாஃப்லின் ஊரில் கூட்டம் குறைந்தது. அவரோ 2023-இல் 92 வயதில் இறக்கும்வரை ரிசார்ட்டின் உச்சித் தளத்திலேயே குடியிருந்து தொழிலைக் கவனித்தவர். கூட்டம் குறைந்த அந்த வருடங்களில் அவர் முன்பைவிடக் குறைவாக உழைத்தார் என்று யாரும் சொன்னதில்லை.