பண்டைய சீன அரசுகளின் பகைக் கதைகளில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் யுவே நாட்டு அரசன் கோஜியன். பட்ட அவமானம் மறந்துவிடக் கூடாது என்று பித்தப்பையைத் தொங்கவிட்டு நக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் பகை முடித்தவர். சீனத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

என் பதில் அவர் இல்லை. எதிரி நாடான வூவின் அரசவையில் இருந்துகொண்டு "இந்த ஆள் நம்மைக் கருவறுக்கக் காத்திருக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி, அதற்காகவே உயிரை விட்ட ஸிஷூ. கோஜியனின் பணிவுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த அவையில் அவருக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அதே வேலையை அவர் தன் வாழ்க்கையில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்.

அவருடைய குடும்பப் பெயர் வூ. போய்ச் சேர்ந்த நாட்டின் பெயரும் வூ. குழப்பம் வேண்டாம் என்று ஸிஷூ என்றே எழுதுகிறேன்.

சொந்த நாடு ச்சூ, இன்றைய ஹூபெய் பக்கம். அப்பா அங்கே பட்டத்து இளவரசனுக்கு ஆசிரியர். இளவரசனுக்குப் பெண் எடுக்க ச்சின் நாட்டுக்கு ஃபெய் வூஜி என்ற அதிகாரியை அனுப்பினார்கள். போனவர், பெண் அழகாக இருக்கிறாள் என்று பார்த்ததும், "இவளை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்று அரசன் பிங்கின் காதில் ஓதினார். மருமகளாக வர வேண்டியவள் மனைவியானாள். நாளைக்கு இளவரசன் பட்டத்துக்கு வந்தால் தன் தலை தப்பாது என்பது ஃபெய் வூஜிக்குத் தெரியும். அதனால் இளவரசன் கலகத்துக்குத் திட்டம் போடுகிறான் என்று அடுத்த கோளையும் மூட்டினார். இளவரசன் தப்பி ஓடினான், ஆசிரியர் சிறைக்குப் போனார்.

கி.மு. 522. அரசன் அந்த அப்பாவிடம், "உன் இரண்டு பையன்களையும் வரவழை, உயிரோடு விடுகிறேன்" என்றான். பையன்கள் வெளியே இருந்தால் ஆபத்து, அவ்வளவுதான் கணக்கு. வரலாற்றாசிரியர் சீமா ச்சியன் எழுதியபடி அப்பாவின் பதில் இது: மூத்தவன் இளகிய மனசுக்காரன், கூப்பிட்டால் வருவான், இளையவன் முரடன், அவமானத்தைப் பொறுத்துக்கொள்வான், பெரிய காரியம் செய்யக்கூடியவன், அவன் வரமாட்டான்.

அப்படியே நடந்தது. அண்ணன் ஷாங் ஏமாந்து போகவில்லை. போனால் அப்பாவும் பிழைக்கமாட்டார், தானும் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தேதான் போனான். அப்பா கூப்பிட்டும் போகாமல் இருந்து, பிறகு பழியும் வாங்க முடியாமல் போனால் ஊர் சிரிக்கும்; உன்னால் பழி வாங்க முடியும், நீ ஓடு, நான் சாகப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னான். வேலையை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது அந்தப் பேச்சு. விசுவாசம் ஒருவனுக்கு, வஞ்சம் இன்னொருவனுக்கு. அப்பாவும் அண்ணனும் கொல்லப்பட்டார்கள்.

ஸிஷூ தப்பித்துப் போகிற வழியில் ஆற்றங்கரையில் ஒரு மீனவர் படகில் ஏற்றிக்கொண்டார். அக்கரை சேர்ந்ததும் இவர் தன் வாளை அவிழ்த்து, நூறு பொன் பெறும், வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். உன்னைப் பிடித்துக் கொடுத்தாலே ஐம்பதாயிரம் மூட்டை தானியமும் பதவியும் தருகிறார்களாம், இந்த நூறு பொன்னுக்கா ஆசைப்படப் போகிறேன் என்று மறுத்துவிட்டார் அவர். அதற்குப் பிறகு வழியில் நோயில் படுத்து, பிச்சை எடுத்துச் சாப்பிட்டுத்தான் வூ நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் நேரே அரசனிடம் ஒட்டிக்கொள்ளவில்லை. அரியணை மேல் கண் வைத்திருந்த இளவரசன் குவாங் யார் என்று பார்த்துக்கொண்டு, அரசனைக் கொல்ல அவருக்கு ஓர் ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டு, வயல் வேலைக்குப் போய்விட்டார். கி.மு. 515இல் ஒரு விருந்தில் சமைத்த மீனுக்குள் குத்துவாளை ஒளித்துக் கொண்டுபோய் அந்த ஆள் அரசனைக் கொன்றான். குவாங், ஹெலூ என்ற பெயரில் அரசனானார். ஸிஷூ அவருக்கு ஆலோசகர். இன்றைய சூஜோ நகரம் அப்போது தலைநகராக இவர் வடிவமைத்தது என்றே சொல்வார்கள்.

கி.மு. 506இல் வூ படை ச்சூவின் தலைநகர் யிங்குக்குள் நுழைந்தது. ஓடிவந்து பதினாறு வருடம். ஆனால் அரசன் பிங் செத்தே பத்து வருடம் ஆகியிருந்தது. ஸிஷூ கல்லறையைத் தோண்டி, பிணத்தை வெளியே எடுத்து, முந்நூறு அடி அடித்தார் என்று சீமா ச்சியன் எழுதுகிறார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்: ஷென் பாவ்ஷூ. ச்சூவில் ஸிஷூவின் பழைய நண்பர். ஓடும்போது ஸிஷூ "நான் ச்சூவைக் கவிழ்ப்பேன்" என்றதற்கு, "நான் அதை நிமிர்த்துவேன்" என்று பதில் சொன்னவர். நண்பனின் கோபம் நியாயம் என்று அவருக்குத் தெரியும், தடுக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. பிணத்தை அடித்த செய்தி கேட்டு, இது அடுக்குமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். பொழுது சாய்ந்துவிட்டது, போக வேண்டிய தூரம் பாக்கி இருக்கிறது, அதனால்தான் முறைகெட்டு நடக்கிறேன் என்று பதில் வந்தது. நியாயப்படுத்தாத பதில். தப்பு என்று தெரிந்தே செய்கிறவனிடம் என்ன வாதாட முடியும்?

பாவ்ஷூ ச்சின் நாட்டுக்குப் போனார். ச்சூவின் அரசன் அப்போது ஜாவ். அந்த ச்சின் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைதான். ஆக உதவி கேட்டுப் போன இடம் அரசனின் தாய்வீடு. அப்படியும் ச்சின் கோமகன் ஐ, தங்குங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றே இழுத்தார். என் அரசன் புதருக்குள் கிடக்கும்போது நான் எங்கே போய்த் தங்குவது என்று பாவ்ஷூ அரண்மனைச் சுவரில் சாய்ந்து நின்று அழ ஆரம்பித்தார். ஏழு பகல், ஏழு இரவு, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல். கடைசியில் ஐநூறு தேர்கள் கிளம்பின, மறு வருடம் வூ படை வெளியேறியது. ஆட்சிக்கு வந்த அரசன் பரிசு கொடுத்தபோது பாவ்ஷூ வாங்க மறுத்துவிட்டார். இந்தக் கதை முழுக்க, நினைத்ததையும் முடித்து, கை சுத்தமாகவும் வெளியே வந்தவர் என்று நான் சொல்வது இவர் ஒருவரைத்தான்.

இனி யுவே. இன்றைய ஷாவ்ஷிங் பக்கம், வூவுக்குத் தெற்கே. கி.மு. 496இல் அங்கே அரசன் இறந்து கோஜியன் பட்டத்துக்கு வந்த நேரம் பார்த்து ஹெலூ படையெடுத்தார். கோஜியன் முன்வரிசைக்கு வேறு ஆட்களை அனுப்பினார். அவர்கள் மூன்று வரிசையாக நடந்து வந்து, வூ படைக்கு நேர் எதிரே நின்று, தங்கள் கழுத்தைத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். அவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது பழைய குறிப்பு. வூ வீரர்கள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது யுவே படை பாய்ந்தது. கால் விரலில் காயம்பட்ட ஹெலூ அதிலேயே இறந்தார்.

மகன் ஃபூச்சாய் முற்றத்தில் ஓர் ஆளை நிறுத்தி, தான் போகும்போதும் வரும்போதும் "ஃபூச்சாய்! உன் அப்பாவை யுவே அரசன் கொன்றதை மறந்துவிட்டாயா?" என்று கேட்க வைத்தார். "மறக்கமாட்டேன்" என்பது பதில். கி.மு. 494இல் யுவேயைத் துவம்சம் செய்தார். ஐயாயிரம் பேரோடு குவைஜி மலையில் சிக்கினார் கோஜியன்.

ராஜதந்திரம் பார்க்க வேண்டுமென்றால் அந்த மலையைத்தான் பார்க்க வேண்டும். கோஜியனின் அமைச்சர் வென் ஜோங் முழங்காலில் தவழ்ந்து வந்து சமாதானம் கேட்டார். ஃபூச்சாய் இளகினார், ஸிஷூ தடுத்தார். முதல் தூது தோற்றது. பெண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டுச் சண்டையிலேயே சாகிறேன் என்று கிளம்பிய கோஜியனை வென் ஜோங் பிடித்து நிறுத்தினார்: வூவின் பெரிய அமைச்சர் போ பி பேராசைக்காரர், அவர் வழியாகப் போவோம். அழகிகளும் விலையுயர்ந்த பொருள்களும் ரகசியமாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது தடவை அரசன் முன்னால் வென் ஜோங்கைக் கூட்டிக்கொண்டு போனது போ பியேதான். இந்த முறை கெஞ்சலோடு ஒரு கணக்கும் இருந்தது: மன்னித்தால் பொக்கிஷம் எல்லாம் உங்களுக்கு, மறுத்தால் எல்லாவற்றையும் எரித்துவிட்டு ஐயாயிரம் பேரும் செத்தே தீருவார்கள், உங்களுக்கும் அதே அளவு இழப்பு வரும்.

இந்த போ பியும் ச்சூவிலிருந்து ஓடிவந்தவர்தான். தாத்தாவைக் கொன்ற நாட்டின் மேல் வஞ்சத்தோடு வூவுக்கு வந்தார் என்கிறார் சீமா ச்சியன். ஒரே ஊர், ஒரே காயம். ஒருவர் அந்தக் காயத்தை வைத்து ஒரு நாட்டையே அளந்தார், இன்னொருவர் அதை மறந்து கல்லா கட்டினார்.

யுவே பத்து வருடம் ஆளையும் பொருளையும் பெருக்கும், பத்து வருடம் பயிற்சி கொடுக்கும், இருபது வருடத்தில் வூ சதுப்பு நிலமாகிவிடும் என்று ஸிஷூ சொன்னார். ஃபூச்சாயை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. தோற்றவன் பணிந்தால் நாட்டை அழிக்காமல் விடுவது அந்தக் காலத்துப் பெரிய அரசர்களின் மரபு. அவர் அந்த வரிசையில் உட்கார ஆசைப்பட்டார்.

கோஜியன் என்ன செய்தார்? பித்தப்பை கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது வெறும் விளம்பரப் பலகையாகத்தான் படுகிறது. உண்மையான வேலை அவர் போட்ட சட்டங்களில் இருக்கிறது. பெண்ணுக்கு 17, ஆணுக்கு 20 வயதில் கல்யாணம் ஆகாவிட்டால் பெற்றவர்களுக்குத் தண்டனை. பிரசவத்துக்கு அரசு வைத்தியர். ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு ஜாடி மதுவும் ஒரு நாயும், பெண் குழந்தைக்கு இரண்டு ஜாடி மதுவும் ஒரு பன்றியும். இரட்டைப் பிள்ளை என்றால் உணவு, மூன்று பிறந்தால் பால் கொடுக்க அரசுச் செலவில் ஒரு தாய். எதிரி நாட்டுக்குக் கப்பம் கட்டிக்கொண்டே இருபது வருடம் கழித்து வரப்போகும் படையைப் பிரசவ அறையிலிருந்து எண்ண ஆரம்பித்த ஆள். உறவாடிக் கெடுப்பது என்பதை இவ்வளவு பொறுமையாகச் செய்த இன்னொருவரை நான் படித்ததில்லை.

ஃபூச்சாய் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். படை போக யாங்ட்சிக்கும் ஹுவாய்க்கும் நடுவே கி.மு. 486இல் கால்வாய் வெட்டினார். இன்றைய பெருங்கால்வாயில் அதுவும் ஒரு பகுதி. ச்சீ நாட்டின் மேல் படையெடுக்கத் தயாரானபோது, யுவே வயிற்று நோய், ச்சீ வெறும் தோல் அரிப்பு என்று ஸிஷூ முறையிட்டார். அவரையே ச்சீக்குத் தூது அனுப்பினார்கள். போனவர் தன் மகனையும் கூட்டிப்போய் அங்கே ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். 'பையன்களை வரவழை' என்று ஒரு அரசன் சொன்னால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர் வேறு என்ன செய்வார்?

போ பிக்கு அது போதும். பிள்ளையை எதிரி நாட்டில் விட்டு வந்த துரோகி என்றார். கி.மு. 484இல் ஃபூச்சாய் ஒரு வாளை அனுப்பினார், செத்துப்போ என்று அர்த்தம். ச்சூவில் அப்பாவுக்கு ஃபெய் வூஜி செய்ததைப் பிள்ளைக்கு வூவில் போ பி செய்தார். என் கண்ணைப் பிடுங்கிக் கிழக்கு வாசலில் வையுங்கள், யுவே படை உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸிஷூ கழுத்தை அறுத்துக்கொண்டார். பிணத்தைத் தோல் பையில் திணித்து ஆற்றில் எறிந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். கி.மு. 482இல் ஃபூச்சாய் ஹுவாங்ச்சியில் மற்ற அரசர்களோடு முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, யுவே படை வூவுக்குள் புகுந்து பட்டத்து இளவரசனைக் கொன்றது. செய்தி வெளியே கசியக் கூடாதென்று தன் கூடாரத்திலேயே ஏழு பேரைக் கொன்றார் ஃபூச்சாய். கி.மு. 473இல் நாடே போனது. நூறு வீடு தருகிறேன், போய் இரு என்றார் கோஜியன். ஃபூச்சாய் மறுத்துத் தற்கொலை செய்துகொண்டார். ஸிஷூவைப் பார்க்க முகமில்லை என்று முகத்தை மூடிக்கொண்டு செத்தார் என்கிறார் சீமா ச்சியன்.

ஜெயித்த பக்கத்திலும் நிலைமை மோசம்தான். கோஜியனின் இன்னொரு ஆலோசகர் ஃபான் லி, நாட்டை விட்டே போய், முயல் செத்ததும் வேட்டை நாயைத்தான் சமைப்பார்கள் என்று வென் ஜோங்குக்கு எழுதிவிட்டு, வியாபாரத்தில் பெரும் பணக்காரரானார். வென் ஜோங் போகவில்லை. எனக்கு ஏழு உபாயம் சொன்னாய், மூன்றிலேயே வூவை முடித்தேன், மீதி நாலை என் முன்னோர்களிடம் போய்ச் செய்து காட்டு என்று கோஜியன் அவருக்கும் ஒரு வாளை அனுப்பினார்.

கோஜியன் பெயர் பொறித்த ஒரு வாள் 1965இல் ஹூபெயில், பழைய ச்சூ தலைநகர்ப் பக்கத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்தது. 55.7 செ.மீ. நீளம். ஃபூச்சாய் பெயர் பொறித்த ஈட்டி முனையும் 1983இல் அதே வட்டாரத்தில் கிடைத்தது. இரண்டும் வூஹானில் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போ பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எஜமானனுக்குத் துரோகம் செய்தவன் என்று கோஜியன் அவரைக் கொன்றதாகச் சீமா ச்சியன் எழுதுகிறார். படிக்கத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் அவருக்கு முந்தைய ஜுவோ ஜுவான் நூலில், கி.மு. 471க்கான குறிப்பில், அதாவது வூ விழுந்து இரண்டு வருடம் கழித்து, லூ நாட்டுப் பிரபு ஒருவர் யுவே அரசவையில் தனக்கு ஆகாத ஒரு காரியத்தைத் தடுக்க லஞ்சம் அனுப்புகிறார். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, காரியத்தையும் முடித்துக் கொடுத்தவர் போ பி. நான் இதைத்தான் நம்புகிறேன்.