கருவாடும் சிறுநீரகமும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நான் வாலிநோக்கம் பக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஒரு ஆய்வுக் கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். சிறுநீரக செல்களை வளர்க்கும் திரவத்தில் உப்பைக் கூட்டினால், அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன என்று அதில் இருந்தது. அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். வீட்டில் கருவாடு இல்லாத வாரம் கிடையாது. காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீர்தான், அதுவும் சவர். உப்பிலேயே கிடக்கிற அப்பாவுக்கு உள்ளே இதுதான் நடக்கிறதா? அம்மாவிடம் சொன்னதும், இனிமேல் குழம்புக்கு உப்பே போடப் போவதில்லை என்கிறார். நான் புரிந்துகொண்டது சரியா?

மு. ச.

அன்புள்ள மு. ச.,

கட்டுரையில் இருப்பது சரி. அதை அப்படியே அப்பாவின் சோற்றுத் தட்டில் கொண்டுவந்து வைத்ததுதான் சரியில்லை.

நம் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும். இந்த மாதிரிச் சோதனைகளில் அதற்கு மேல் ஐம்பது, நூறு மில்லிமோல் என்று உப்பைச் சேர்ப்பது வழக்கம். ரத்தம் அந்த அளவுக்குப் போனால் ஆள் பிழைக்கமாட்டார். எவ்வளவு கருவாடு தின்றாலும் அங்கே போய்ச் சேராது, அதற்கு முன்பே தாகம் எடுத்துச் சொம்பைத் தூக்கிவிடுவோம், மிச்ச உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

ஆனால் உடம்புக்குள் அவ்வளவு உப்பு நிஜமாகவே இருக்கிற இடம் ஒன்று உண்டு. அது சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணி. உப்பளத்தில் மூன்று டிகிரி அடர்த்தியுள்ள கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி இருபத்தைந்துக்கு ஏறி உப்பாக விளைவதை அப்பா தினமும் பார்க்கிறார். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலிருந்து அகணியின் நுனி வரைக்கும் செறிவு அப்படித்தான் படிப்படியாக ஏறுகிறது. அங்கே வெயில் பார்க்கும் வேலையை இங்கே ஹென்லே வளைவு என்ற கொண்டை ஊசி போல வளைந்த நுண்குழல் பார்க்கிறது. கரைந்திருக்கும் பொருட்களின் மொத்தச் செறிவு, ரத்தத்தில் சுமார் 290 மில்லிஆஸ்மோலாக இருப்பது, தண்ணீர் குடிக்காத நேரத்தில் அந்த நுனியில் 1200 வரை போகும். பாதி உப்பு, பாதி யூரியா என்று தோராயமாகச் சொல்லலாம்.

அந்த உவர்ப்பில் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன? வெளியே உப்பு கூடினால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி அது சுருங்கும். உடனே என்எஃப்ஏடி5 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் தூண்டும். 1999-இல் அடையாளம் கண்ட புரதம் இது. செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சார்பிட்டாலைத் தயாரிக்கும் நொதி, அதே வேலையைச் செய்யும் பீட்டைனையும் இனாசிட்டாலையும் உள்ளே இழுக்கும் கடத்திகள், மற்ற புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் ஒரு புரதம், இவையெல்லாம் அதன் ஏற்பாடு. மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கும் வேதிச் செய்திகளையும் இதே புரதம்தான் கூட்டுகிறது. நீங்கள் வாசித்த அழற்சி மரபணுக்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் ‘செல்’ இதழில் வந்த ஆய்வு, உப்பைக் கண்ட அகணிச் செல்கள் அனுப்பும் செய்தியால்தான் மோனோசைட்டுகள் அங்கே வந்து குவிகின்றன என்று காட்டியது. மூத்திரப் பையிலிருந்து மேலே ஏறிவரும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவைத் தடுக்கிற காவல் அது. எலிகளில் அந்த உப்புச் செறிவைக் குலைத்தால் தொற்று முற்றிவிடுகிறது. அழற்சி என்ற பேரைப் பார்த்தாலே நோய் என்று முடிவுகட்டும் பழக்கம் பாடப்புத்தகம் தந்தது.

அப்படியானால் நிறைய உப்புத் தின்றால் காவல் பலப்படுமா என்று கேட்பீர்கள். நேர்மாறு. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு 2020-இல் சோதித்தது. உப்பு அதிகம் தின்ற எலிகளுக்குச் சிறுநீரகத் தொற்று மோசமானது. வழக்கமான சாப்பாட்டோடு தினமும் ஆறு கிராம் உப்பு கூடுதலாக ஒரு வாரம் எடுத்துக்கொண்ட ஆட்களின் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களும் கிருமியைக் கொல்வதில் தளர்ந்துபோயின. தின்ற உப்பை வெளியேற்றும் முயற்சியில் ஹார்மோன்கள் மாறிவிடுவதே காரணம். வாயில் போடும் உப்பு வேறு, செல்லைச் சுற்றியிருக்கும் உப்பு வேறு.

அந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களைத் திரும்பப் பாருங்கள். எந்தச் செல்? ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெச்கே-2 வகை என்றால் அது புறணியிலுள்ள குழல் செல், வாழ்நாளில் அத்தனை உப்பைக் காணாதது. அகணியிலிருந்து வந்த செல்லின் கதை வேறு. அடுத்து, ஒப்பீட்டுக்கு எதைச் சேர்த்தார்கள்? உப்புக்குப் பதில், செல்லுக்குள் எளிதில் போகாத மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைச் சேர்த்தாலும் அதே விளைவு வந்தால் காரணம் சோடியம் இல்லை, செல் சுருங்கியதுதான். யூரியா சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும், செல் சுருங்காது, என்எஃப்ஏடி5-உம் அசையாது. இந்த ஒப்பீடு எதுவுமே இல்லாத கட்டுரை என்றால் நான் பாதிதான் நம்புவேன்.

அப்பாவுக்கு வருவோம். பாத்தியில் நிற்பதால் காலில் வெடிப்பும் புண்ணும் வரும், தோல் வழியாக உப்பு ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகாது. எனக்குக் கவலை வெயிலும் தண்ணீரும்தான். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகத்தையும் சேர்த்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளவயது ஆண்களுக்கே சிறுநீரகம் செயலிழந்ததைப் பார்த்துத்தான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. உப்பளத்தில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். இது மருந்தால் தீராது, கழிப்பறை கட்டினால் தீரும்.

சவர்த் தண்ணீருக்கு ஒரு கணக்குப் போடுங்கள். வேறு வழியே இல்லாதபோது இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம், லிட்டருக்கு 2000 மில்லிகிராம் கரைந்த உப்புகள். அத்தனையும் சமையலுப்பு என்றே வைத்தால், மூன்று லிட்டர் குடிப்பவருக்குத் தண்ணீரிலேயே ஆறு கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே ஐந்துக்குள். நிஜத்தில் அதில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும், அதனால் குறையும். இருந்தாலும் குழம்பை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வங்கதேசத்துக் கடலோரம் தாகோப் பகுதியில் குடிநீரின் உவர்ப்புக்கும் கர்ப்பிணிகளின் ரத்தக்கொதிப்புக்கும் தொடர்பு தெரிந்தது இப்படித்தான். குடிக்க மட்டுமாவது ஊற்றுத் தண்ணீரோ குடம் விலைக்கு வரும் நல்ல தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க வியர்வை சிந்துகிறவருக்கு அடியோடு உப்பை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு தண்ணீர் மாற்றிப் பிழிந்து சமைத்தால் போதும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிறவர்களிடம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதையும், சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லலாம். உப்பு வாரிவிட்டு வந்த சாயங்காலம் போகாதீர்கள். உடம்பு வறண்டிருந்தால் கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டும். வேலையில்லாத நாளில், நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலையில் அழைத்துப் போங்கள்.