இழை ஓடியும் மொட்டு வராத சிப்பிக்காளான்

கேள்வி: மாடியில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். காளானிலிருந்து விழுந்த ஸ்போர்களை (விதை போன்ற நுண்துகள்களை) அகர் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் முளைக்கவிட்டு, செழிப்பாக வந்த ஒரே ஒரு ஸ்போரின் இழையிலிருந்து வித்து தயாரித்தேன். படுக்கை முழுக்க வெள்ளை இழை ஓடிவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. வித்து விற்பவர் ‘ஹார்மோன் பவுடர்’ தெளிக்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் வித்துக்கு நோய் இல்லை, ஜோடிதான் இல்லை.

சிப்பிக்காளான் ஸ்போரில் ஒரே வகை உட்கருதான் உண்டு. பொருந்தும் இன்னோர் இழையோடு சேர்ந்து, ஒவ்வொரு செல்லிலும் இரு வகை உட்கருக்கள் இருந்தால்தான் காளான் வரும். அந்தப் பொருத்தத்தைப் பார்ப்பவை புரதங்கள். இழைகள் இணையும்போது, ஒன்று தரும் குட்டிப் புரதத் துண்டை மற்றதன் ஏற்பிப் புரதம் பிடிக்க வேண்டும். தன்னுடையதையே அது கண்டுகொள்ளாது. அடுத்து, இரண்டு உட்கருக்களும் ஆளுக்கொரு புரதம் தர, அவை ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் அமர்ந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். இரண்டு பொருத்தமும் வேண்டும். ஒரே காளானுக்குள் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் இரு வடிவங்கள் உண்டு, அதனால் அதன் ஸ்போர்களில் நான்கு வகை. ஒரு வகைக்கு ஒரு வகைதான் சேரும்.

இல்லாத உட்கருவை எந்தப் பவுடரும் கொண்டுவராது. பயிர் ஊக்கிகளைப் பொட்டலம் மாற்றி விற்பவர்களிடம் இதுதான் என் கோபம். காளான் வரவில்லை என்றதும் பவுடர், அதுவும் பலிக்காவிட்டால் ‘உங்கள் ஷெட்டில் ஈரம் போதாது’ என்பார்கள்.

மொட்டுக்காளான் (பட்டன் காளான்) வீடியோவைப் பார்த்து இதைச் செய்திருந்தால், அங்கே கணக்கு வேறு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வளர்க்கும் அந்தக் காளானில், ஸ்போர் உண்டாக்கும் ஒவ்வொரு செல்லிலும் பெரும்பாலும் நான்குக்குப் பதில் இரண்டு ஸ்போர்கள்தான் உருவாகும். ஒவ்வொன்றிலும் பொருந்தும் இரு உட்கருக்கள் சேர்ந்தே அடைபடும். ஆகவே அங்கே ஒற்றை ஸ்போரும் காளான் தரும். அதிலும் அபூர்வமாக ஒற்றை உட்கரு ஸ்போர் வரும், அது தராது. சிப்பிக்காளானுக்கு இந்த வழியைக் கொண்டுவராதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நல்ல இளங்காளானைப் பிளந்து, உள்சதையில் சிறு துணுக்கை அகரில் வையுங்கள். அதில் இரு உட்கருக்களும் ஏற்கெனவே இருக்கும். வளர்ந்த இழையை 400 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்தால், குறுக்குச் சுவர்களின் ஓரத்தில் சிறு கொக்கிப் புடைப்புகள் தெரிய வேண்டும். உங்கள் இப்போதைய இழையில் அவை இருக்காது.

ஒரு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் நீட்டுகிற இடங்களில் இந்தப் புடைப்பை ஒருமுறை காட்டினால் எத்தனை பேரின் பணம் மிஞ்சும்! அதைக் காட்டுவதில்லை. வித்துப் பையிலும் தயாரித்த தேதியே பாதி நேரம் இருப்பதில்லை. அடுத்த முறை வாங்கும்போது தேதியையும், தாய் வித்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.