சட்டைப்பையில் அடங்கும் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கைப்பேசியே நன்றாகப் படம் எடுக்கிறது. ஆனாலும் தினமும் கையோடு வைத்துக்கொள்ள ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க ஆசை. காசு வீணாகிவிடுமா?

பதில்: எந்த வகைக் கேமரா என்பதைப் பொறுத்தது. விலை குறைந்த சின்னக் கேமராக்களில், ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று குறிப்பிடப்படுவதாகத்தான் இருக்கும். அளந்து பார்த்தால் சுமார் 6.2 × 4.6 மி.மீ. அவ்வளவுதான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இன்றைய நல்ல கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சாரே இருக்கிறது. போதாததற்கு, கைப்பேசி நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து, இருட்டில் வரும் புள்ளிகளையும் குறைத்துவிடுகிறது. தெருவையோ சாப்பாட்டு மேசையையோ ஜூம் இல்லாமல் எடுப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், அந்த வகைக் கேமரா வாங்காதீர்கள்.

1 அங்குல சென்சார் உள்ளவை வேறு ரகம். பெயரில்தான் 1 அங்குலம். அந்தக் கால வீடியோ கேமராக் குழாய்களின் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. ஆனாலும் முன்னதைப் போல நான்கு மடங்கு பரப்பு. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இந்த சென்சாரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு கேனனும் ஜி7 எக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. ஜூமே வேண்டாம் என்பவருக்கு ரிக்கோ ஜிஆர் வரிசை இருக்கிறது. அதில் சென்சார் இன்னும் பெரிது, உடலோ சட்டைப்பைக்குள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவைக் கையில் எடுத்தால் படம் மட்டும்தான் எடுக்க முடியும். நடுவில் அழைப்பு வராது, செய்தி வராது. தினமும் படம் எடுக்க விரும்புகிறவருக்கு இது பெரிய விஷயம் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஒரு கேமராவில் 16 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம். இன்னொன்றில் 20 மெகாபிக்சல், வெறும் 3 மடங்கு ஜூம், விலையும் அதிகம். வீட்டுக்குள் ஓடியாடும் பிள்ளைகளைத்தான் அதிகம் எடுப்பேன். இப்போது இருக்கும் கேமராவில் எல்லாமே கலங்கலாக வருகின்றன. எதை வாங்குவது?

பதில்: மெகாபிக்சலை முதலில் ஒதுக்கி வையுங்கள். 6 × 4 அங்குலப் பிரின்டுக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஏ4 அளவுக்குக்கூட 9 மெகாபிக்சல் தாராளம். 16-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியது லென்ஸைச் சுற்றிச் சின்ன எழுத்தில் இருக்கும் எண். ஒன்றில் 1:1.8-2.8 என்றும் மற்றொன்றில் 1:3.3-6.3 என்றும் இருக்கலாம். முதல் எண் ஜூம் செய்யாதபோது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது. இரண்டாவது, முழுக்க ஜூம் செய்தபோது. எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். இந்த எண்ணையே எஃப்/2, எஃப்/5.6 என்றும் எழுதுவார்கள். எஃப்/2 லென்ஸ், எஃப்/5.6 லென்ஸைப் போல ஏறத்தாழ 8 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, ஒன்றில் 1/125 நொடியில் எடுக்கும் படத்துக்கு மற்றொன்றில் 1/15 நொடி தேவை. அந்த 1/15 நொடியில் பிள்ளை கையை ஆட்டிவிடும், தலையைத் திருப்பிவிடும். உங்கள் படங்கள் கலங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

'இதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதே' என்று கடையில் சொல்வார்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. டிஜிட்டல் ஜூம் என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. 2 மடங்கு என்றால் மிஞ்சுவது கால் பங்கு பிக்சல்.

உங்கள் தேவைக்கு 3 மடங்கு ஜூம் உள்ளதுதான் சரி. பறவையோ தூரத்து மேடையோ எடுப்பவராக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். வாங்கும் முன் சொந்த மெமரி கார்டு ஒன்றை எடுத்துப் போங்கள். கடையின் வெளிச்சமான முன்பக்கத்தில் வேண்டாம். மங்கலான மூலைக்குப் போய், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 1600-இல் வைத்து, யாரையாவது நடக்கச் சொல்லி எடுங்கள். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய சின்னக் கேமராக்களுக்கு இப்போது கிராக்கி. செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்க நினைக்கிறேன். எதைச் சோதிப்பது?

பதில்: 2010-இல் மட்டும் உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் தயாரிப்பாளர்களிடமிருந்து விற்பனைக்குப் போயின, அவற்றில் பெரும்பங்கு இந்தச் சின்ன ரகம்தான். அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை, அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்துச் சாதாரண மாடலுக்கு யாராவது புதுக் கேமரா விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

கையில் வாங்கியதும் பத்து முறையாவது ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் தயங்காமல், கரகரவென்று சத்தம் இல்லாமல் நீள வேண்டும், உள்ளே போக வேண்டும். இந்தக் கேமராக்களில் அடிக்கடி கெடுவது அந்த லென்ஸ் பொறிதான். மணல் புகுந்தாலே போதும். அடுத்து ஜூமை முழுக்க நீட்டி, வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி வந்தால் உள்ளே தூசி. கேமராவைப் பிரிக்காமல் அதைத் துடைக்க முடியாது. டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ஃபிளாஷையும் பேட்டரி மூடியின் கொக்கியையும் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அந்த மாடலுக்கு இன்னும் பேட்டரி கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் பழைய மாடல்கள் சிலவற்றில் எக்ஸ்டி என்ற தனி வகை மெமரி கார்டுதான் பொருந்தும். அந்தக் கார்டுகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை, கார்டோடு சேர்த்துத் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: புதுக் கேமரா, நான்கே மாதம். லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. மணல் புகுந்திருக்கிறது, வாரண்டியில் வராது என்கிறார்கள். நான் மணல் பக்கமே போகவில்லை.

பதில்: வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். மணல் இருந்ததாகப் படத்தோடு எழுத்தில் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். பில்லில் உள்ள வரிசை எண் கேமராவின் அடியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டையும் படமெடுத்து வையுங்கள். பிறகு கடையை விட்டுவிட்டுத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கே எழுதுங்கள், வாங்கிய தேதியையும் கோளாறு தெரிந்த தேதியையும் குறிப்பிட்டு. நீங்களாகத் திறந்து பார்க்க மட்டும் முயல வேண்டாம். ஒரு திருகைக் கழற்றினாலும் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

கேள்வி: பழைய கேமராவுக்குப் புதிதாக 64 ஜிபி கார்டு வாங்கினேன். ஏற்கவே இல்லை. கார்டு போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை. உங்கள் கேமரா அதற்கு முந்தைய, 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி வகை வரை மட்டும் தெரிந்ததாக இருக்கலாம். இன்னும் பழையது என்றால் 2 ஜிபிதான் உச்சம். கேமராவில் கார்டு நுழையும் இடத்தருகே என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிஎச்சி என்றிருந்தால் 32 ஜிபியோ 16 ஜிபியோ மாற்றி வாங்கி, கேமராவிலேயே ஒருமுறை ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.