பாப்பா ஜெனடிக்ஸ் டாக்டர் ஆகட்டுமா?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு,

"கருவிலேயே நோய் பார்க்கிற டாக்டர் ஆகணுமாம். அதுக்குள்ள கல்யாண வயசு தாண்டிடுமே, தங்கச்சி மகன் வேற காத்திருக்கான்" என்று மகள் பாப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். சரி, கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். அப்புறம் மகப்பேறு அல்லது குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு 3 வருடம். அதற்கும் மேல் டி.எம். மெடிக்கல் ஜெனடிக்ஸ் என்ற மரபணு மருத்துவச் சிறப்புப் படிப்பு 3 வருடம். இடையில் நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலம் தனி. டி.எம். இடங்கள் நாட்டிலேயே கொஞ்சம்தான். லக்னோ, டெல்லி என்று போக வேண்டி வரலாம்.

வருடத்தைக் கேட்டீர்கள், வேலை என்னவென்று கேட்கவில்லையே! 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனில் கருவின் பின்கழுத்தில் நீர் எவ்வளவு என்று அளப்பார்கள். அது அதிகமாக இருந்து சந்தேகம் வந்தால், 15 வாரத்துக்குப் பிறகு மெல்லிய ஊசியால் பனிக்குட நீரை எடுத்து குரோமோசோமில் கோளாறு உண்டா என்று பார்க்கலாம். இதெல்லாம் செய்யச் செய்யக் கை பழகிவிடும். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு பேசுவதுதான் கஷ்டம். நம் பக்கம் மாமன் மகளைக் கட்டுகிறோம், அக்கா மகளையும் கட்டுகிறோம். பழுதான ஒரே மரபணுவை இருவரும் வெளியே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மூத்ததற்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. இதைச் சொன்னதும் மாமியார் திரும்பி மருமகளைத்தான் பார்ப்பார். "இது உங்கள் மகனிடமிருந்தும் வந்ததுதாம்மா" என்று அந்த அறையில் நிதானமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பாப்பாவுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பேசப் பேச அவள் குறுக்கிடவே இல்லை.

ஆணா பெண்ணா என்றும் கேட்பார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்லக்கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஏன் நம் சேலத்தில் தொடங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு நீட் மட்டும் போதும். ஜெனடிக்ஸா வேறா என்பதை எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு முடிவு செய்யட்டும். நீட் கைகொடுக்காவிட்டாலும், எம்.எஸ்சி. படித்து மரபணு ஆலோசகர் ஆகும் வழி உண்டு. அவர்களுக்கு ஊசி, ஸ்கேன் இல்லை, பேசுவதுதான் வேலை.

கல்யாணத்தைப் படிப்புக்கு நடுவிலும் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அண்ணா, தங்கச்சி மகன் பேச்சை எடுப்பதற்கு முன் பாப்பாவின் பன்னிரண்டாம் வகுப்பு மரபியல் பாடத்தை ஒருதடவை அவளையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.