போலீஸ், தீயணைப்பு வயர்லெஸ்: நம்ம திருநெல்வேலிக்காரங்க கேள்விக்கு பதில்

ரிப்பீட்டர் (ஒரு செட்டோட சிக்னலை வாங்கி திரும்ப தூரத்துக்கு அனுப்புற பெட்டி), ஆன்டெனா வேலையிலயே காலத்தை ஓட்டுன ஆளு நான். நம்ம பக்கத்து போலீஸ், தீயணைப்பு, வனத்துறை வயர்லெஸ்ஸை மேம்படுத்துனா என்ன கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க, தெரிஞ்சத சொல்லுதேன்.

பாளையங்கோட்டை தம்பி: அண்ணாச்சி, எல்லார் கையிலயும் 5ஜி போன் இருக்கு, இன்னும் எதுக்கு வாக்கி டாக்கி?

2023 டிசம்பர் 17, 18 மறந்துட்டீங்களா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோட வெள்ளத்துக்கு நடுவுல நின்னுச்சு. கரண்ட் போச்சுன்னா செல்போன் டவர் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதுக்கப்புறம் டீசல் கொண்டு போகணும், ரோடே இல்லாதப்ப யாரு கொண்டு போறது? வயர்லெஸ்ல ஒருத்தர் பட்டனை அமுக்கி பேசுனா அந்த சேனல்ல இருக்க அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல கேக்கும், ரிப்பீட்டரே விழுந்தாலும் பக்கத்துல இருக்க ரெண்டு செட்டு நேரடியா பேசிக்கிடலாம். போன்ல இது நடக்காது.

வள்ளியூர்: டிஜிட்டல் ஆக்குனா என்ன லாபம்?

டிஎம்ஆர்னு ஒரு டிஜிட்டல் வயர்லெஸ் முறை இருக்கு, 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒண்ணுலயே மாத்தி மாத்தி நேரம் பிரிச்சு ரெண்டு பேச்சை ஓட்டும். இரைச்சல் இருக்காது, யாரு பேசுறாங்கன்னு நம்பரும் காட்டும். ஆனா ஒண்ணு, அனலாக்ல, அதாவது பழைய முறையில, சிக்னல் குறைய குறைய இரைச்சலுக்கு நடுவுலயாவது "ஆத்துப்பாலம்"னு ஒரு வார்த்தை காதுல விழும். டிஜிட்டல்ல நல்லா கேட்டுக்கிட்டே இருக்கும், ஒரு எல்லை தாண்டுனதும் சட்டுனு ஒண்ணுமே இருக்காது. ஓரத்துல நிக்கிற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம்.

அம்பாசமுத்திரம் அக்கா: மாஞ்சோலை ஏறுனா செட்டு ஊமையாயிடுதுன்னு சொல்லுதாவ, டிஜிட்டல்ல சரியாயிடுமா?

ஆகாது அக்கா, மலை மறைச்சா மறைச்சதுதான். சமதரையில 30 மீட்டர் டவர்ல இருந்து கைசெட்டுக்கு சிக்னல் எட்டுற தூரத்த கணக்கு போட்டா சுமார் 27 கிலோமீட்டர் வரும், அதே ஆன்டெனாவ 1000 மீட்டர் உச்சியில வச்சா 130ஐயும் தாண்டும். ஆனா அந்த உச்சிக்கு பின்னால இருக்க பள்ளத்துக்கு ஒண்ணும் இறங்காது. அதனால பெரிய டவர் ஒண்ணுக்கு பதிலா ரெண்டு மூணு சின்ன ரிப்பீட்டரை இடம் பாத்து வைக்கணும். இன்னொரு தொல்லை, ஸ்டேஷன்ல நிலையா இருக்க பேஸ் செட்டு 25 வாட்ல பேசுறது கைசெட்டுக்கு நல்லா கேக்கும், கையில இருக்க 5 வாட் திருப்பி போய் சேராது. "கேக்குது"ங்கறத வச்சு கவரேஜ் மேப் போட்டா அது பொய் மேப். பாபநாசத்துல இருந்து ஆள் நடந்துகிட்டே பதில் பேசி பாக்கணும், அதுவும் மழை நாள்லயும், இடுப்புல செட்டை மாட்டிக்கிட்டும்.

தென்காசி: டெட்ரா வாங்கிட்டா?

டெட்ராங்கறது இன்னொரு டிஜிட்டல் வயர்லெஸ் முறை. நெரிசலான பெருநகரத்துக்கு அருமை, 25 கிலோஹெர்ட்ஸ்ல நாலு பேச்சு ஓடும். பரந்து கிடக்கிற நம்ம தேரிக்கும் மலைக்கும் அதிக இடத்துல டவர் வேணும், செலவு ஏறும். எனக்கு விஎச்எஃப்ங்கற அலைவரிசையில ஓடுற டிஎம்ஆர்தான் சரின்னு படுது.

ஏரல்: காசு கம்மி, எதுல முதல்ல போடணும்?

செட்டுல போடாதீங்க. ரிப்பீட்டர் ரூம்ல போடுங்க. பேட்டரிய தரையில வச்சிருந்தா தண்ணி உள்ள வந்ததும் கதை முடிஞ்சுது, ஆள் உயரத்துக்கு மேல ஸ்டாண்ட் போட்டு ஏத்துங்க, கூட சோலார் வைங்க. அடுத்தது ஆன்டெனா கேபிள். மேல ஏறி கனெக்டரை கழட்டிப் பாருங்க, உள்ள செம்பு பச்சை பூத்திருந்தா தண்ணி இறங்கிருச்சுன்னு அர்த்தம், கேபிளை வெட்டுனா கருத்த வலை தெரியும். அப்படிப்பட்ட கேபிள்ல பவர் நிறைய வழியிலயே வீணாயிடும், புது டிஜிட்டல் ரிப்பீட்டர மாட்டி என்ன பண்ண? ரூமுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால கேபிளை ஒரு வளைவு கீழ தொங்கவிட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும், ஜாயின்ட்டுல ரப்பர் டேப்பை இழுத்து சுத்தணும், எர்த்திங் பக்காவா இருக்கணும். இடி விழுற ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னாலயே.

நாங்குநேரி: ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திடலாமா?

வேண்டவே வேண்டாம். டிஎம்ஆர் செட்டுங்க பெரும்பாலும் அனலாக்லயும் பேசும், அதனால ஒவ்வொரு ஸ்டேஷனா மாத்திக்கிட்டு பழைய சேனலை கூடவே ஓட்டணும், வடகிழக்கு பருவமழை முடிஞ்சு ஜனவரிக்கு மேல ஆரம்பிங்க. போலீசுக்கு ரகசிய சேனல் வேணும்தான், ஆனா வெள்ள நேரத்துக்கு போலீஸ், தீயணைப்பு, வனத்துறை மூணு பேரும் பேச பூட்டு போடாத பொது சேனல் ஒண்ணு எல்லா செட்டுலயும் ஒரே இடத்துல இருக்கணும், இருட்டுல விரலாலயே தேடி எடுக்கிற மாதிரி. மாசம் ஒரு தடவையாவது அதுல பேசிப் பழகுங்க.